நிழல் விழும் மண்ணைச் சிமெண்டால் மூடலாமா?

வீட்டைச் சுற்றி வெயில் விழாத மூலை ஒன்று இருந்தால், அது வீண் இடம் என்று நம்மில் பலர் முடிவு கட்டி விடுகிறோம். பழைய வாளி, கால் உடைந்த நாற்காலி, கட்டட வேலையில் மிஞ்சிய ஜல்லி எல்லாம் அங்கேதான் போய்ச் சேருகின்றன. மழைக்காலம் வந்தால் பாசி படர்கிறது, கால் வழுக்குகிறது. உடனே கொத்தனாரை அழைத்து அந்த நாலு முழ மண்ணையும் சிமெண்டு பூசி மூடி விடுகிறோம். பெங்களூரில் தெருவுக்குத் தெரு நடந்து வரும் காரியம் இது. இதனால் நாம் இழப்பது எவ்வளவு என்று எண்ணிப் பார்ப்பவர்கள் குறைவு.

அதே வேளையில், தோட்டத்தின் மீது நமக்குள்ள ஆசை குறைந்து விடவில்லை. குடியரசு தினத்தையும் சுதந்திர தினத்தையும் ஒட்டி ஆண்டுக்கு இருமுறை லால்பாக்கில் மலர்க் கண்காட்சி நடக்கிறது. கண்ணாடி மாளிகைக்குள் நுழைய மக்கள் வரிசையில் காத்து நிற்கிறார்கள். பார்த்துத் திரும்புகிறவர்களுக்கு வீட்டிலும் நாலு செடி வைக்க வேண்டும் என்று தோன்றுவது இயற்கை. ஆனால் அந்த ஆசை எந்தப் பக்கம் திரும்புகிறது என்பதுதான் கவலைக்குரியது. படத்தில் அழகாகத் தெரியும் குளிர்நாட்டுச் செடிகளின் கிழங்குகளையும் விதைகளையும் விலை கொடுத்து வாங்குகிறோம். அவற்றுள் ஒன்று அஸ்டில்பி. நிழலுக்கும் ஈரத்துக்கும் ஏற்ற செடி என்று தோட்டக்கலை நூல்கள் இதைப் புகழ்கின்றன. நூல்கள் சொல்வது உண்மையே. ஆனால் எந்த ஊர் நிழலுக்கு, எந்த ஊர் ஈரத்துக்கு என்று நாம் கேட்பதில்லை.

அஸ்டில்பி கேட்பது என்ன?

அஸ்டில்பியின் இலை பெரணியின் இலையைப் போல நுணுக்கமாகப் பிளந்திருக்கும். அதன் நடுவிலிருந்து இரண்டடி, மூன்றடி உயரத்துக்குத் தண்டு எழுந்து, வெள்ளை, இளஞ்சிவப்பு, அடர்சிவப்பு நிறங்களில் இறகு போன்ற பூங்கொத்தைத் தாங்கி நிற்கும். 'பளபளப்பு இல்லாதது' என்று பொருள்படும் கிரேக்கச் சொற்களிலிருந்து இதன் பெயர் பிறந்தது. தனிப் பூவைப் பார்த்தால் அதில் பகட்டு ஏதுமில்லை. நூற்றுக்கணக்கில் சேர்ந்து நிற்கும்போதுதான் மர நிழலில் விளக்கு ஏற்றியது போல் இருக்கும்.

இந்த இனத்தின் பெரும்பகுதி சீனா, ஜப்பான், கொரியா ஆகிய நாடுகளைச் சேர்ந்தது. அமெரிக்காவின் கிழக்கு மலைகளிலும் ஒரு வகை உண்டு. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜெர்மனியைச் சேர்ந்த கியோர்க் ஆரெண்ட்ஸ் என்ற நாற்றங்கால்காரர் பல வகைகளை ஒன்றோடொன்று கலந்து புதிய ரகங்களை உருவாக்கினார். இன்று ஐரோப்பியத் தோட்டங்களில் காணப்படும் பல ரகங்கள் அவர் உழைப்பின் பயனே.

அஸ்டில்பிக்கு மண்ணில் ஈரம் வற்றவே கூடாது. சில நாள் காய்ந்தால் போதும், இலையின் ஓரம் பழுப்பேறிச் சுருண்டு விடும். அதற்காகத் தண்ணீர் தேங்கவும் கூடாது. குளிர்காலத்தில் தேங்கினால் வேர்க்கிழங்கு அழுகிப் போகும். மக்கு நிறைந்த மண் வேண்டும். மூன்று நான்கு ஆண்டுகளுக்கு ஒருமுறை கிழங்கைத் தோண்டிப் பிரித்து நட வேண்டும். இவ்வளவும் பெங்களூரில் செய்யக் கூடியவையே. ஆனால் இவற்றுக்கு மேல் அது கேட்கும் ஒன்றை இந்த ஊரால் கொடுக்க முடியாது. அதுதான் நீண்ட குளிர்கால உறக்கம். இலையெல்லாம் உதிர்ந்து, குளிர்ந்த மண்ணுக்குள் பல வாரங்கள் உறங்கி எழுந்தால்தான் மறு ஆண்டு அது ஒழுங்காகப் பூக்கும்.

பெங்களூர் கடல் மட்டத்துக்கு மேல் சுமார் 920 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. சென்னையிலிருந்தும் வேலூரிலிருந்தும் வந்தவர்களுக்கு இந்த ஊர் குளிர்ந்த ஊர்தான். ஆனால் மார்கழி, தை மாதங்களில்கூட இங்கே இரவு வெப்பம் பெரும்பாலும் 15, 16 டிகிரி செல்சியஸ் அளவிலேயே இருக்கிறது. இங்கே பதிவான மிகக் குறைந்த வெப்பமே 7.8 டிகிரி, அது 1884ஆம் ஆண்டு ஜனவரியில். நமக்குக் கம்பளி தேவைப்படும் இந்தக் குளிர் அஸ்டில்பிக்குக் குளிரே அல்ல.

இந்தச் செடி இந்தியாவுக்கு முற்றிலும் அந்நியமானதா என்றால், அதுவும் இல்லை. இமயமலைச் சரிவுகளில், சுமார் 2,000 மீட்டருக்கு மேல், அஸ்டில்பி ரிவுலாரிஸ் என்ற வகை தானாகவே வளர்கிறது. ஓடைக்கரையைச் சேர்ந்தது என்பதே அந்தப் பெயரின் பொருள். நேபாளத்திலும் சிக்கிமிலும் பிள்ளை பெற்ற பெண்களுக்கு அதன் வேர்க்கிழங்கை மருந்தாகக் கொடுக்கும் வழக்கம் உண்டு. ஓடைக்கரையில் யாரும் தண்ணீர் ஊற்றாமலே வளரும் செடி அது. அதே இனத்தைச் சேர்ந்ததை இங்கே கொண்டு வந்து, காவிரித் தண்ணீரைக் குடம் குடமாக ஊற்றி, கோடை வருவதற்குள் பறிகொடுப்பது செடிக்கும் நல்லதல்ல, தண்ணீருக்கும் நல்லதல்ல.

தண்ணீரின் விலை

தண்ணீரைப் பற்றிப் பேசாமல் பெங்களூரில் தோட்டத்தைப் பற்றிப் பேச முடியாது. நம் குழாயில் வரும் காவிரி, சுமார் 100 கிலோமீட்டர் தொலைவிலிருந்து, சுமார் 500 மீட்டர் உயரத்துக்கு மின்சாரத்தால் ஏற்றப்பட்டு வருகிறது. 2024ஆம் ஆண்டு கோடையில் இந்த ஊர் பட்ட பாட்டை யாரும் மறந்திருக்க முடியாது. அரசின் ஆழ்துளைக் கிணறுகளில் ஏறக்குறைய பாதி வற்றின. லாரித் தண்ணீருக்கு மக்கள் காத்துக் கிடந்தார்கள். அந்த ஆண்டு மார்ச் மாதத்தில், குடிநீரைத் தோட்டத்துக்கும் வாகனம் கழுவவும் பயன்படுத்தினால் 5,000 ரூபாய் அபராதம் என்று குடிநீர் வாரியம் அறிவித்தது. அதே ஆண்டு அக்டோபரில் காவிரி ஐந்தாம் கட்டத் திட்டம் தொடங்கி வைக்கப்பட்டது உண்மைதான். ஆனாலும் 2025 பிப்ரவரியில் அதே தடையை வாரியம் மீண்டும் கொண்டு வர வேண்டியதாயிற்று. திட்டம் பெரிதானாலும் ஊர் அதைவிட வேகமாகப் பெரிதாகிறது.

இந்த நிலையில் தோட்டமே வேண்டாம் என்று சொல்பவர்களும் உண்டு. குடிக்கவே தண்ணீர் இல்லாத ஊரில் செடி எதற்கு என்பது அவர்கள் கேள்வி. கேள்வியில் நியாயம் இருப்பது போலத் தோன்றும். ஆனால் மண்ணை மூடிவிட்டால் தண்ணீர் மிச்சமாகும் என்று நினைப்பது தவறு. கணக்கைப் பாருங்கள். இந்த ஊரில் ஆண்டுக்குச் சராசரியாக 970 மில்லிமீட்டர் அளவில் மழை பெய்கிறது. வீட்டின் பக்கவாட்டில் மூன்றடி அகலமும் இருபதடி நீளமும் உள்ள ஒரு துண்டு மண் இருந்தால், அதன் மீது மட்டும் ஆண்டுக்கு 5,000 லிட்டருக்கு மேல் மழை விழுகிறது. மண் திறந்திருந்தால் அதில் பெரும்பகுதி அங்கேயே இறங்கும். சிமெண்டு பூசினால் அவ்வளவும் சாக்கடைக்குப் போய், தாழ்ந்த தெருவில் இருப்பவர் வீட்டுக்குள் புகும். 1,000 சதுர அடிக் கூரை என்றால் அதன் மீது விழுவது சுமார் 90,000 லிட்டர். மழைநீர் சேகரிப்பை 2009ஆம் ஆண்டிலேயே இந்த ஊரில் சட்டமாக்கி விட்டார்கள். சட்டம் கூரையைப் பார்க்கிறது. காலடியில் மூடப்படும் மண்ணை யார் பார்க்கிறார்கள்?

இதில் நிழலின் பங்கு பெரிது. நிழலின் அருமை வெயிலில் தெரியும் என்பது பழமொழி. செடிக்கும் அது பொருந்தும். வெயிலில் இருக்கும் புல்தரை நாள் தவறாமல் தண்ணீர் கேட்கும். வடக்குச் சுவரின் நிழலிலோ மரத்தடியிலோ உள்ள மண், இலைச்சருகு போட்டு மூடியிருந்தால், ஒருமுறை நனைத்த ஈரத்தைப் பல நாள் வைத்திருக்கும். ஆக, எந்த மூலையை வீண் என்று ஒதுக்குகிறோமோ அதுதான் குறைந்த தண்ணீரில் பசுமையைத் தரக்கூடிய மூலை. தோட்டம் போட வசதியில்லாதவர்களுக்கும் கட்டுப்படியாகும் தோட்டம் நிழல் தோட்டம்தான்.

ஊருக்கேற்ற செடிகள்

நிழலில் எதுவும் வளராது என்பவர்கள், மல்லிகையையும் ரோஜாவையும் மனத்தில் வைத்துக் கொண்டு சொல்கிறார்கள். அவை வெயிலுக்குப் பிறந்தவை. அஸ்டில்பியைப் போலவே இறகுக் கொண்டை வைக்கும் கோழிக்கொண்டை வகையும் வெயில் கேட்கும் செடிதான். நிழலுக்கென்று பிறந்தவை வேறு உண்டு.

முதலில் பெரணிகள். கறுத்த மெல்லிய தண்டும் சிறு இலைகளும் கொண்ட வகை ஈரச் சுவரில் தானாகவே முளைப்பதை எல்லாரும் பார்த்திருப்போம். நீண்ட ஓலை போல வளைந்து தொங்கும் வகையும், பறவைக்கூடு போல வட்டமாக இலை விரிக்கும் வகையும் நாற்றங்கால்களில் எளிதாகக் கிடைக்கின்றன. அஸ்டில்பியின் இலையழகை விரும்புகிறவர்களுக்கு இவை ஒரு குறையும் வைக்கா.

பூ வேண்டும் என்பவர்களுக்குக் காசித்தும்பை இனம் இருக்கிறது. மேற்குத் தொடர்ச்சி மலையில் மட்டும் இதில் நூற்றுக்கும் மேற்பட்ட வகைகள் உள்ளன. அவற்றில் பெரும்பாலானவை உலகில் வேறெங்கும் இல்லாதவை. மலைக்காட்டில் இருப்பதைப் பிடுங்கி வர வேண்டியதில்லை. நிழலில் ஆண்டு முழுவதும் பூக்கும் தோட்ட வகை ஒரு துண்டுத் தண்டிலிருந்தே வேர் விடும். பிகோனியாவும் அப்படியே.

சித்திரை, வைகாசியில் முதல் மழை விழுந்ததும் மண்ணைப் பிளந்து கொண்டு சிவப்புப் பந்தாகப் பூக்கும் ஃபுட்பால் லில்லியைப் பெங்களூர்வாசிகள் அறிவார்கள். ஆப்பிரிக்காவிலிருந்து வந்த கிழங்கு அது. அஸ்டில்பியைப் போலவே அதுவும் சில மாதம் உறங்குகிறது. ஆனால் பனியைக் கேட்பதில்லை, நம் ஊர் வறண்ட காலத்திலேயே உறங்கி எழுகிறது. இமயமலைப் பக்கத்திலிருந்து வந்த வெள்ளை இஞ்சிப்பூவும் இங்கே நன்றாகக் குடியேறி விட்டது. கன்னடத்தில் சுகந்தி என்று அழைக்கப்படும் அந்தப் பூ, மாலையில் மலர்ந்தால் வீடு முழுவதும் மணக்கும். வெளியூர்ச் செடி என்பதால் எதையும் விலக்க வேண்டியதில்லை. வந்த ஊரின் மண்ணோடும் மழையோடும் ஒத்துப் போகிறதா என்பதே கேள்வி. பிழைக்க வந்த ஊரோடு ஒத்து வாழ்ந்து காட்டிய நமக்கு இதை அதிகம் விளக்க வேண்டியதில்லை.

அடுப்படிக்கு உதவும் செடிகளும் நிழலில் உண்டு. வெற்றிலைக்கொடி நேர் வெயிலைத் தாங்காது. கொடிக்காலில் அகத்தி நட்டு நிழல் கொடுத்துத்தான் அதை வளர்க்கிறார்கள். வல்லாரை, புதினா, சேம்பு, மஞ்சள் ஆகியவையும் பாதி நிழலில் வளரும். நம் கிராமத்து வீடுகளில் கிணற்றடித் தண்ணீர் ஓடும் வழியில் வாழையும் சேம்பும் வைத்தார்களே, அது வெறும் அழகுக்கு அல்ல. ஒரு சொட்டும் வீணாகாமல் இருக்கப் பெரியவர்கள் கண்ட ஏற்பாடு அது. மாநகரத்துக்கு வந்ததும் அந்த அறிவை ஊரிலேயே விட்டு விட்டு வந்தோம்.

செய்ய வேண்டியவை

அஸ்டில்பி வளர்ப்பவர்களிடம் நாம் கற்க வேண்டியது அவர்கள் மண்ணைப் பேணும் முறையை. மண்ணைக் கொத்தி, மட்கிய இலையையும் தொழுவுரத்தையும் கலந்து, மேலே சருகைக் கனமாகப் பரப்புகிறார்கள். வெயிலிலிருந்து மண்ணை மறைப்பதே பாதி நீர்ப்பாசனம் என்பது அவர்கள் அறிந்த உண்மை. நம் செம்மண்ணுக்கும் இதே மருத்துவம்தான். ஒரு பங்கு செம்மண், ஒரு பங்கு மட்கிய இலை, அரைப்பங்கு தொழுவுரம் போதும். சருகுக்கு எங்கே போவது என்று கேட்க வேண்டாம். மாசி, பங்குனியில் இந்த ஊர்த் தெருக்களில் மரங்கள் கொட்டும் இலைக்கு அளவில்லை. அதைக் குவித்துத் தீ வைத்து, அந்தப் புகையை நாமே சுவாசிக்கும் வழக்கத்தை நிறுத்தினால் உரமும் கிடைக்கும், நெஞ்சுக்கும் நல்லது.

தண்ணீருக்குக் குழாயைத் திறக்க வேண்டியதில்லை. அரிசி களைந்த தண்ணீர், காய்கறி கழுவிய தண்ணீர், சுத்திகரிக்கும் பெட்டியிலிருந்து வெளியேறும் தண்ணீர் ஆகியவற்றை ஒரு வாளியில் பிடித்தால் சிறு நிழல் தோட்டத்துக்கு அது தாராளம். சுத்திகரிப்புத் தண்ணீரில் உப்பு மிகுந்திருக்கும்; அதை மற்றத் தண்ணீரோடு கலந்தே விட வேண்டும். சோப்புத் தண்ணீரைப் பெரணிக்கு ஊற்றக் கூடாது. வாழைக்கும் சேம்புக்கும் அளவோடு விடலாம்.

மறுப்புகளும் விடைகளும்

ஈரமான இடம் என்றால் கொசு வருமே என்று தாய்மார்கள் அஞ்சுவது இயல்பு. 2024ஆம் ஆண்டு கர்நாடகத்தில் டெங்கு எவ்வளவு கடுமையாகப் பரவியது என்பதை நாம் அறிவோம். ஆனால் டெங்குக் கொசு முட்டையிடுவது தேங்கி நிற்கும் தண்ணீரில். ஈர மண்ணில் அல்ல. தொட்டிக்கு அடியில் வைக்கும் தட்டு, மூடாத பீப்பாய், மூலையில் போட்ட பழைய டயர் ஆகியவையே அதன் பிறப்பிடங்கள். முட்டை கொசுவாகப் பறக்கச் சுமார் ஒரு வாரம் ஆகும். ஆகவே வாரம் ஒருமுறை தட்டுகளைக் கவிழ்த்தால் போதும். உண்மையில் கொசுவை வளர்ப்பது நாம் அந்த மூலையில் குவிக்கும் உடைந்த வாளிகளே.

சுவரில் ஈரம் ஏறும் என்பது இன்னொரு புகார். இது நியாயமானது. சுவரை ஒட்டி ஒரு முழம் விட்டு, அங்கே ஜல்லி பரப்பி, மண்ணைச் சுவருக்கு எதிர்ப்பக்கம் சரிவாக அமைத்தால் இந்தத் தொல்லை வராது. மழைக்காலத்தில் பெரிய நத்தைகள் படையெடுப்பதும் உண்டு. இரவில் நனைந்த சாக்குக்கு அடியில் பப்பாளி இலையை வைத்து, காலையில் அங்கே கூடியிருப்பவற்றைக் கையுறை அணிந்து பொறுக்கி உப்புநீரில் போட வேண்டும். நாலு நாள் விடாமல் செய்தால் கட்டுக்குள் வரும்.

வாடகைக்கு இருப்பவர்கள் என்ன செய்ய முடியும் என்ற கேள்வியும் எழும். பெங்களூர்த் தமிழர்களில் பெரும்பகுதியினர் ஒண்டுக் குடித்தனமாகவோ, அடுக்குமாடியில் ஒரு பகுதியிலோ வாழ்பவர்கள். அவர்களுக்கு நாலு தொட்டி போதும். மாடிப்படிக்கு அடியிலும் வடக்குப் பால்கனியிலும் வைத்த பெரணித் தொட்டியை, வீடு மாறும்போது கையோடு எடுத்துச் செல்லலாம். ஆனால் பெரிய பொறுப்பு வீட்டுக்காரர்களையும் அடுக்குமாடிச் சங்கங்களையும் சேர்ந்தது. சுற்றுச்சுவருக்கும் கட்டடத்துக்கும் இடையிலுள்ள நிலம் முழுவதையும் ஓடு பதித்து மூடிவிட்டு, அதன் மேல் பிளாஸ்டிக் புல் விரிக்கும் புது நாகரிகத்தைக் கைவிட அவர்கள் முன்வர வேண்டும்.

நமக்கு வந்த சொத்து

பெங்களூரின் நிழல் தானாக வந்ததல்ல. 1760ஆம் ஆண்டு ஹைதர் அலி லால்பாக்கை உருவாக்கத் தொடங்கினார். தோட்டக் கலையில் கைதேர்ந்த திகளர் சமூகத்தார் தலைமுறை தலைமுறையாக இந்த ஊர் மண்ணில் கீரையும் பூவும் விளைவித்தார்கள். ஆண்டுதோறும் கரக விழா எடுக்கும் அந்தச் சமூகத்தின் வேர் தமிழகத்தில் இருப்பதாகச் சொல்வார்கள். 1908ஆம் ஆண்டு லால்பாக்குக்கு வந்த ஜெர்மானியரான கிரும்பிகல், ஒரு மரம் பூத்து ஓய்ந்ததும் இன்னொன்று பூக்கத் தொடங்கும்படி சாலை மரங்களைத் தேர்ந்து நட்டார். இன்று வெயில் நேரத்தில் நாம் ஒதுங்கும் நிழல், அப்படிப் பலர் உழைத்துச் சேர்த்த சொத்து. செயற்கைக்கோள் படங்களைக் கொண்டு இந்திய அறிவியல் கழகத்தார் செய்த ஆய்வுகள், 1973க்குப் பின் இந்த ஊரில் கட்டடப் பரப்பு பல மடங்கு பெருகி, மரப் பரப்பு பெரிதும் சுருங்கியதைக் காட்டுகின்றன. மிச்சமிருக்கும் நிழலையாவது பயன்படுத்தத் தெரிய வேண்டாமா?

தோட்டக்கலைத் துறைக்கும் ஒரு வேண்டுகோள். மலர்க் கண்காட்சியில் லட்சக்கணக்கான பூக்களால் கோபுரமும் மாளிகையும் அமைப்பது கண்ணுக்கு விருந்து. அதனோடு, மூன்றடி அகல நிழல் சந்தில் வாளித் தண்ணீரைக் கொண்டு என்ன வளர்க்கலாம் என்று காட்டும் சிறு மாதிரித் தோட்டம் ஒன்றையும் அமைத்தால், பார்த்துச் செல்லும் ஏழை எளிய மக்கள் வீட்டுக்குப் போய்ச் செய்து பார்ப்பார்கள். மாநகராட்சிகளும் தங்கள் நாற்றங்கால்களில் பெரணியையும் வெற்றிலையையும் வல்லாரையையும் குறைந்த விலையில் கொடுக்கலாம்.

அஸ்டில்பி அழகான செடி. அதன் ஊரில் அது வாழட்டும். நம் ஊரில், நம் வீட்டு வடக்குப் பக்கத்தில் இருக்கும் ஈர மண் நம் கவனத்துக்காகக் காத்திருக்கிறது. வீட்டுப் பெரியவர்களும் பிள்ளைகளும் சேர்ந்து ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்த மூலையைச் சுத்தம் செய்து, நாலு கூடை சருகு போட்டு, ஒரு பெரணியும் ஒரு வெற்றிலைக்கொடியும் நடலாம். கொத்தனாருக்குச் சொல்லி அனுப்பியிருந்தால், வர வேண்டாம் என்று இன்றே சொல்லி விடுங்கள்.